எஞ்சின் மேல் குற்றமில்லை, மாப்பிள்ளை

நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாமலே சுடுகாட்டுக்குப் போன என் மாப்பிள்ளை அங்கமுத்துவுக்கு,

வருகிற வாரம் உனக்குத் தலைத்திவசம். நோட்டீஸ் அடித்துச் சேந்தமங்கலம் சந்தையிலும் சோளக்காட்டுக் கடைகளிலும் கொடுக்க வேண்டும் என்று உன் அக்கா பாவாயி சொல்லிவிட்டாள். "நாலு வார்த்தை நல்லபடியா எழுதிக் குடுங்க, உங்களுக்குத்தான் எழுத்து வருதல்லோ" என்றாள். அச்சாபீஸ்காரரிடம் பாதிப் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது இந்தக் கடிதம்தான் நோட்டீஸ், பாதிப் பக்கம் போதாது.

வியாபாரத்தில் நான் எவனுக்கும் பயந்தவன் இல்லை என்று உனக்குத் தெரியும். தலையில் உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் கொல்லிமலை ஏறித் தொழிலைத் தொடங்கியவன். கரடி குறுக்கே வந்தபோதுகூட மூட்டையைக் கீழே போடவில்லை. அப்படிப்பட்டவன் இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாளாகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊர் என்ன பேசுகிறது என்று சொல்லிவிடுகிறேன். "அங்கமுத்து போட்ட எஞ்சினே அங்கமுத்தைக் கொன்னுபோட்டுது" என்கிறார்கள். நீ எஞ்சின் மாற்றிக் கொடுத்த இரண்டு வண்டிக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டார்கள். டீக்கடையில் ஒருவன் என் காதுபடவே, "அவங் கையி பட்ட வண்டியில ஏறுனா நேரா மேலோகந்தான்" என்று சொல்லிச் சிரித்தான். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கப் போகிற நாலு பேருக்கு விவரம் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. நீதான், "டீசல் எஞ்சின் ஒண்ணு வெச்சுட்டா இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க மச்சான்" என்றாய். ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிய எஞ்சினைக் கொண்டுவந்து, இரண்டு மாதம் பட்டறையிலேயே கிடந்து பொருத்தினாய். ஜீப்பின் சின்ன ரேடியேட்டர் இந்த எஞ்சினுக்குத் தாங்காது என்று லாரி ரேடியேட்டரை வெட்டி ஒட்டினாய். விசிறி இழுக்கிற காற்று பக்கவாட்டில் ஓடிப்போகக் கூடாது என்று மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அதைச் சுற்றி ஒரு கூடு கட்டினாய். அன்றைக்கு நான் உன்னைக் கேலி செய்தேன். "இந்த டப்பாவா சூட்டைத் தணிக்கப் போகுது?" என்றேன்.

"சூடு ஆறுறது தண்ணியில இல்லீங்க மச்சான், காத்துல. முன்னாடி இருந்து காத்து வந்துட்டே இருக்கோணும். அவ்வளவுதானுங்க சூட்சுமம்" என்றாய். அதே வாக்கியத்தை இன்று என்னால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். அன்று என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நான் வண்டிமாடு ஓட்டிப் பழகினவன். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும், வண்டி குடை சாயும். அதனால் மேடு வருமுன் இரண்டு மூட்டையை முன்னால் தள்ளி வைப்போம். முன்பாரம் இருந்தால்தான் வண்டி நிற்கும். சோளக்காட்டைத் தாண்டி உள்ளே பள்ளத்து ஊருக்கு இறங்கி ஏறுகிற மண் தடத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பயம்தான் வந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுகிற வண்டி மல்லாந்து விழாதா? கொல்லனிடம் சொல்லி ஜீப்பின் மூக்குக்கு முன்னால், பம்பரின் மேல், ஒரு இரும்புத் தட்டு அடித்து வைத்தேன். இரண்டு மிளகு மூட்டை கச்சிதமாக உட்காரும்.

நீ அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாய். "இது மாட்டு வண்டி இல்லீங்க. டீசல் எஞ்சினே கல்லாட்டம் கனமுங்க, மூக்கு தூக்காதுங்க. மூக்கை மூடிப்போட்டு மூச்சு வுடச் சொன்னா எப்படிங்க?" என்றாய். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "எஞ்சினை நீ பாத்துக்க, பாரத்தை நான் பாத்துக்கறேன்." அதோடு நீ வாயைத் திறக்கவில்லை. அக்காள் புருஷனிடம் எத்தனை முறைதான் சண்டை போடுவாய்?

அதற்கப்புறம் நீ ஓட்டியபோதெல்லாம் வண்டி கொதிக்கவில்லை. நான் ஓட்டினால் மட்டும் அந்த மேட்டில் கொதித்தது. நீ கைராசிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

மிளகு வாங்கப் பள்ளத்து ஊரில் தங்கியிருந்தோம். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வாய்வு என்றாய். கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். வெயில் ஏறும்போது உன் முகம் சாம்பல் பூத்துவிட்டது, வயிறு பலகையாக இறுகிவிட்டது. நமக்கு எப்போதும் மிளகு கொடுக்கிற விவசாயி சடையன்தான், "இது ஆகாதுங்க, கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றான். ஜீப்பின் பின்பக்கம் ஏற்றியிருந்த மூட்டைகளை இறக்கிவிட்டு வைக்கோல் பரப்பி உன்னைப் படுக்க வைத்தோம். உன்னைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆட்கள் ஏறினார்கள்.

பின்னால் மூன்று பேர். பாரம் முழுக்கப் பின்னால். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இறக்கிய மூட்டைகளில் இரண்டை எடுத்து முன் தட்டில் வைத்துக் கட்டினேன்.

அது பயத்தினால் மட்டும்தானா? பொய் சொல்ல இது இடமில்லை. அந்த வருஷத்து மிளகிலேயே உருட்டான மிளகு அந்த இரண்டு மூட்டையில் இருந்தது. பல்லில் கடித்துப் பார்த்து வாங்கினது. அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. முன்பாரமும் ஆகும், சரக்கும் கீழே வந்து சேரும் என்று ஒரு கணக்கு அந்த நேரத்திலும் என் தலைக்குள் ஓடியது, மாப்பிள்ளை. நீ பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும்போது ஓடியது.

இரண்டாவது வளைவில் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறியது. கல்லைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு நிறுத்தினோம். ஊற்று கீழே தள்ளி இருந்தது. ஓர் ஆள் குடத்தோடு இறங்கி ஓடினான். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான், சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய்.

படுத்த இடத்திலிருந்தே நீ கேட்டாய். "தண்ணி எவ்வளவு இருக்குதுங்க மச்சான்?"

"கீழ கெளம்பும்போது கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

"பெல்ட்டு?"

"இழுத்துப் பாத்தேன். இறுக்கமாத்தான் இருக்குது."

"ரப்பர் ஓசு எங்கியாச்சும் ஒழுகுதுங்களா?"

"இல்லடா கண்ணு. நீ பேசாம படு."

"விசிறி சுத்துதுங்களா?"

"சுத்துது, சுத்துது."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாய். மறுபடி ஏறினோம், மறுபடி கொதித்தது. மறுபடி கேட்டாய். அதே கேள்விகள், அதே வரிசை. மூன்றாவது முறை கேட்க உனக்குக் குரல் இல்லை. ஒரு வைத்தியன் நாடி பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாய். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. முன்னால் மூட்டை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? படுத்திருந்த உனக்கு என் முதுகும் பின்சீட்டுக் கம்பியும்தான் தெரிந்திருக்கும். பானெட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்காது. ஆனால் அதற்காக நீ கேட்காமல் இருந்திருக்க மாட்டாய். உயிருக்குப் போராடுகிறவனை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் எவன் சரக்கு ஏற்றுவான் என்று நினைத்திருப்பாய். என்னைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக நினைத்திருக்க வேண்டாம்.

மேட்டைத் தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறக்கம், முள் தானாக இறங்கிவிட்டது. சமதளத்தில் வண்டி தண்ணீர் குடித்த மாடு மாதிரி நிதானமாக ஓடியது. நாமக்கல் போய்ச் சேருமுன் உன்னைப் பிடித்திருந்த ஆள் என் தோளைத் தொட்டான். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்குமே.

அதற்கப்புறம் ஜீப் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. "அந்த இரும்பைப் பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்க, ஏனுங்க, அதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்குதில்ல" என்று பாவாயி தினமும் சொன்னாள். நானும் எஞ்சின்தான் சதி செய்தது என்று நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

ஆனால் அடுத்த மிளகுக் காலம் வந்துவிட்டது. தலைச்சுமைக்கு ஆள் கிடைக்கவில்லை. வண்டியைச் சேலத்துக்கு ஓட்டிப் போய் ஒரு மேஸ்திரியிடம் விட்டேன். ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுப் பார்த்தார், அழுக்கு இல்லை. தண்ணீர் பம்பைப் பிரித்தார், பழுது இல்லை. எஞ்சின் தலையைக் கழற்றினார், விரிசல் இல்லை. நான்காம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்: "இந்த வேலையைச் செஞ்சது யாருங்க?"

"ஏன், மோசமா இருக்குதா?"

"மோசமா? நானா இருந்தா விசிறிக்கு இந்தக் கூடு கட்டியிருக்க மாட்டேனுங்க. அவ்வளவு யோசனை எனக்கு இல்ல. எஞ்சின்ல குத்தமே இல்லீங்க. கொதிக்குதுன்னா குத்தம் வேற எங்கியோ இருக்குது."

வேற எங்கியோ. அன்றைக்குத் தொடங்கியது பயம். அதற்கு முன்பு இருந்ததெல்லாம் துக்கம்தான்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை பின்னால் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. பள்ளத்து ஊருக்கு இறங்கினேன். மிளகை ஏற்றி, வழக்கம்போல இரண்டு மூட்டையை முன்னால் கட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது வளைவில், உன்னை வைத்துக்கொண்டு நின்ற அதே பாறைக்குப் பக்கத்தில், கொதித்து நின்றது. இந்த மேடு நம்மைக் காவு கேட்கிறது என்று நினைத்தேன்.

சடையன் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"சின்னவரு இருந்தா இந்நேரம் மேல போயிருப்பாருங்க."

"ஆமா. அவன் கைராசி அப்படி."

"கைராசியா?" சடையன் சிரித்தான். "மேட்டுக்கு அடியில வண்டியை நிறுத்தி இந்த ரெண்டு மூட்டையையும் எறக்கிப்போட்டுத்தான் ஏறுவாருங்க. நாங்க ரெண்டு பேர் தலையில தூக்கியாந்து மேல மறுபடியும் கட்டி வுடுவோம். பொகையிலை குடுப்பாரு. எங்க மண்வெட்டி, கொத்தெல்லாம் தட்டிக் குடுப்பாரு. 'பெரியவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, கோவிச்சுக்குவாரு'ம்பாரு."

அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது, மாப்பிள்ளை. ஆனாலும் நான் வியாபாரி. ஒருத்தன் சொன்னான் என்று எதையும் வாங்கிவிட மாட்டேன்.

மறுநாள் அதே மேடு, அதே வெயில், அதே பாரம். இரண்டு மூட்டையையும் பின்னால் போட்டு ஏறினேன். மல்லாந்து விழவில்லை. மூக்கு தூக்கவும் இல்லை. முள் பாதியில் நின்றது. அதற்கு மறுநாள் மறுபடி முன்னால் கட்டிக்கொண்டு ஏறினேன். 'கொதிக்காதே' என்று வேண்டிக்கொண்டுதான் ஏறினேன். முந்தின நாள் மூட்டையைப் பின்னால் வைத்தும் கொதித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், பழியை எஞ்சின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். முன்னால் கட்டினதும் அதே பாறையடியில் கொதித்தது. மூன்றாம் நாள் மூட்டை இல்லாத மூக்கோடு ஏறினேன். முள் ஏறினால் பயப்படுகிற மனுஷனாகத்தான் அதுவரை இருந்தேன். அன்றைக்கு அந்த முள் ஏறாமல் அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் பயந்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

நிற்காமல் ஏறியிருந்தால் அன்று மத்தியானத்துக்குள் சோளக்காடு. பொழுது சாயுமுன் ஆஸ்பத்திரி. உன்னைப் பிழைக்க வைத்திருப்பார்களா? யாரிடம் கேட்பேன்? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்?

கூட ஏறி வந்த சடையன் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு நான் மூட்டை கட்டினதை அவன் பார்த்தவன்.

"ஏஞ் சடையா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சின்னவரு சொல்லியே நீங்க கேக்கலீங்களே. நான் சொல்லியா கேக்கப் போறீங்க? அதுவுமில்லாம அன்னிக்கு எனக்கு இருந்த பதட்டத்துல அது நெனப்புல இல்லீங்க சாமி." அப்புறம் சொன்னான்: "சந்தையில அவரைப் பத்திக் கண்டபடி பேசறாங்க. கேக்கச் சகிக்கல. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

நானே சொல்கிறேன் என்று அவனிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரம் இன்றோடு முடிகிறது.

ஊருக்குச் சொல்லிவிடலாம். ஊர் நாலு நாள் என்னைத் திட்டும், அஞ்சாம் நாள் மிளகு விலை கேட்கும். அதற்கு நான் பயப்படவில்லை. உன் அக்கா இருக்கிறாளே, அவளுக்குத்தான் பயப்படுகிறேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இந்த ஒரு வருஷமும் அந்த எஞ்சினைச் சபித்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சபித்ததெல்லாம் யாரைப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வாள்? அழுதால் தாங்கிக்கொள்வேன். திட்டினாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றுமே பேசாமல் என் முகத்தைப் பார்த்தால்?

இரும்புத் தட்டை நேற்றுக் கொல்லனிடம் கொண்டுபோய் அறுத்து எடுத்துவிட்டேன். அவன்தான் அதைச் செய்து கொடுத்தவன். "நல்ல உருப்படியாச்சேங்க, எதுக்குங்க அறுக்கச் சொல்றீங்க?" என்றான். நோட்டீஸில் படித்துக்கொள்ளட்டும்.

படிக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கமுத்து மாற்றிப் போட்ட எஞ்சினைக் கழற்றின இரண்டு பேரும் தயவுசெய்து அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் எதையும் கட்டாதீர்கள். அவன் வேலையில் குற்றமில்லை. சேலத்து மேஸ்திரி பிரித்துப் பார்த்துச் சொன்னார். நான் மூன்று நாள் ஏறிப் பார்த்தும் சொல்கிறேன். அந்த மேட்டில் கொதித்ததற்குக் காரணம் நான் கட்டின மூட்டைகள்.

மாப்பிள்ளை, பாவாயி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "ஏனுங்க, எழுதியாச்சுங்களா? வந்து படிச்சுக் காட்டுங்க, கேக்கறேன். தம்பி பேரு முன்னாடி வந்துதுங்களா?"

வந்திருக்கிறது என்று சொன்னேன். இதோ எழுந்திருக்கப் போகிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுக்குப் படிப்பேன். மிளகைப் பற்றி எழுதின இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன், தாண்டிப் போகவும் மாட்டேன். அவள் என்ன செய்தாலும், நாளைக் காலையில் இது ஒரு எழுத்துக் குறையாமல் அச்சாபீஸுக்குப் போகும்.

இப்படிக்கு,
கேட்டு முடித்த பிறகும் உன் அக்கா என்னைப் புருஷன் என்று சொன்னால், உன் மச்சான்,
பெரியசாமி